படத்தில் வில்லியான கணக்கு டீச்சர்

ஊரே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த படத்தைக் கணக்கு டீச்சர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பக்கத்து இருக்கையில் அவருடைய வீட்டுக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிற மனிதர். எந்தப் படத்துக்குப் போனாலும் கதையை விட்டுவிட்டு, யார் யார் என்ன பிரேம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். அவரே இடைவேளைக்குச் சற்று முன்னால் மனைவியின் முழங்கையை இடித்து, "ஏய், அது நம்ம டப்பா மாதிரி இல்ல?" என்றார்.

அவர்கள் டப்பாவேதான். திரையில் ஒரு கணக்கு வாத்தியாரம்மா பழைய கண்ணாடிக் கூடு ஒன்றைத் திறந்து அதிலிருந்து சாக்பீஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டு மூடினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கென்று வயிற்றைக் கலக்குகிற மாதிரி தனியாக ஒரு இசை. படத்தில் வந்த பிள்ளைகள் அதைக் கேட்டு நடுங்கினார்கள். சாக்பீஸைக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொள்கிற ஆசிரியை உலகத்தில் எத்தனை பேரோ, இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்திதான். கூடு, வீட்டுக்காரர் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. படத்தை எடுத்தவரோ இதே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுப் போனவர். இதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"நடிக்கிற அம்மா உன்னவிட நல்லாவே முறைக்குது" என்று வீட்டுக்காரர் தமாஷாகத்தான் சொன்னார். அந்தத் தமாஷுக்கு இரண்டு நாள் அவருக்குப் பேச்சுத்துணை இல்லாமல் போனது.

படத்தின் கதை இதுதான். ஒரு பள்ளிக்கூடம். அங்கே எல்லாமே மணியடித்தபடி நடக்கும். புதிதாக ஒரு இலக்கிய ஆசிரியர் வருகிறார். வந்த அன்றைக்கே கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துப் பள்ளிக்கூட மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறார். நேரம் நின்றுவிட்டதாம். பிறகு பிள்ளைகளை மலைமேல் கூட்டிப்போய், மேகத்தைப் பார்த்து அவரவர் பெயரைக் கத்தச் சொல்கிறார். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு கவிஞன் தூங்குகிறான், எழுப்பத்தான் ஆளில்லை என்கிறார். கணக்குக்காரி அவர்மேல் புகார் எழுதி வேலையை விட்டே துரத்துகிறாள். மழை கொட்டக் கொட்ட அவர் நடந்து போகிறார். அவருடைய வகுப்பு நேரத்தில் கணக்குக்காரி வந்து நின்று கூட்டைத் திறக்கிறாள். தியேட்டரே விம்மியது.

இதையெல்லாம்கூட டீச்சர் பொறுத்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு காட்சி வந்தது. இலக்கிய ஆசிரியர் பிள்ளைகளின் கட்டுரைத் தாளைத் திருப்பிக் கொடுக்கிறார். ஒரு வார்த்தைகூட அதில் எழுதவில்லை. எந்த வரி இரவல் வரியோ, அதன் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. 'புள்ளியில்லாத வரியில்தான் நீ இருக்கிறாய்' என்கிறார். ஒரே விசில். டீச்சர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் அந்தப் புள்ளி அவருடையது.

முப்பத்துமூன்று வருடமாக அவர் அப்படித்தான் நோட்டுத் திருத்துகிறார். தப்பான வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். என்ன தப்பு என்று எழுத மாட்டார். சரியான விடையையும் எழுத மாட்டார். பிள்ளையே தேடிக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு வர வேண்டும். வந்தால் புள்ளியை ரப்பர் வைத்து அவரே அழிப்பார். வருடக் கடைசியில் அவருடைய வகுப்பு நோட்டில் ஒரு புள்ளிகூட இருக்காது. நாற்பத்திரண்டு நோட்டு, தினமும். தோள்பட்டை வலிக்கிறதென்று அழுதாலும் அழுவாரே ஒழிய அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்க மாட்டார். ஆக, அவருடைய கூட்டைப் பிடுங்கி வில்லி கையில் கொடுத்துவிட்டு, அவருடைய புள்ளியைப் பிடுங்கிக் கதாநாயகன் கையில் கொடுத்திருந்தார்கள்.

நிஜத்தில் அப்படி ஒரு சார் இருந்தது உண்மைதான். இருபத்திரண்டு வருடம் முன்னால் வந்தார். கவிதை சார் என்பார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவர் வாசித்தால் காது தானாகத் திரும்பும். கணக்கு டீச்சரே இரண்டு மூன்று தடவை கையில் நோட்டுக் கட்டோடு அவர் வகுப்பு வாசலில் நின்று கேட்டிருக்கிறார். ஆனால் கேட்டவரையில் ஒன்று அவருக்கு உறுத்தியது. நீ நீயாக இரு, நீ நீயாக இரு என்று அந்த மனிதர் ஓயாமல் சொல்லிச் சொல்லி, முப்பத்தெட்டுப் பையன்களும் அவர் மாதிரி முடி வளர்த்துக்கொண்டார்கள். அவர் மாதிரி எழுத்தைச் சாய்த்து எழுதினார்கள். அவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். முப்பத்தெட்டுத் தனித்தன்மையும் ஒரே அச்சு. இதை வாயைத் திறந்து சொன்னால் பொறாமை என்பார்கள் என்று டீச்சர் சொல்லவில்லை.

ஏழாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. மூச்சு முட்டுகிறது, மன்னிக்கவும் என்று ஒரு வரிக் கடிதம் மட்டும் வந்தது. யாரும் புகார் எழுதவில்லை. யாரும் துரத்தவுமில்லை. பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. அவருடைய நேரத்தை அப்போதைய தலைமையாசிரியர் கணக்கு டீச்சருக்குத் தந்தார். டீச்சரும் பலகையில் கணக்கு மேல் கணக்காகப் போட்டுத் தள்ளினார். அவருடைய வகுப்பு இல்லை அது, பலகையோடு சரி, அந்தப் பையன்களின் நோட்டை அவர் திருத்தியதில்லை. கவிதை நேரத்தில் கணக்கு போட்டது வாஸ்தவம். அது அந்தப் பையன்களுக்குக் கசந்திருக்கும் என்பதும் வாஸ்தவம். அதற்காக இருபத்திரண்டு வருடம் கழித்து ஊர் ஊராகத் தியேட்டரில் தொங்க விடுவார்களா?

படம் வந்த இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்தின் சாயலே மாறிவிட்டது. டீச்சர் நடைகூடத்தில் வந்தால் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். திரும்பினால் எல்லாரும் புத்தகத்தில் மூழ்கியிருப்பார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை பார்த்தால் பிள்ளைகளின் மணிக்கட்டில் சிவப்புத் துணி. டீச்சர் எண்ணினார். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர்.

"என்ன இது?"

"எங்க தனித்தன்மை டீச்சர்" என்றாள் முன் வரிசைப் பெண்.

"எல்லாரும் ஒரே கடையில வாங்கினீங்களா?"

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. படத்தில் வில்லி இப்படித்தான் குத்தலாகப் பேசுவாள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு பெண், பாவம், பாராட்டுகிற மாதிரியே கேட்டாள்: "டீச்சர், நீங்களும் அந்த சார் மாதிரி புள்ளி வைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

டீச்சருக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. "நான் உங்க அம்மா பிறக்கறதுக்கு முன்னாடிலேருந்து வைக்கறேன்" என்று கத்திவிட்டார். கணக்கு டீச்சராக இருந்தும் அந்தக் கணக்கு தப்பு. வகுப்பு முழுக்க அதைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டார். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. வயதில் சின்னவர். கெட்டவர் இல்லை, எல்லாரையும் திருப்திப்படுத்தியே தீர வேண்டும் என்கிற வியாதி மட்டும் உண்டு.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பெற்றோர் சங்கத்துல கொஞ்சம் பேச்சு. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்ப வேற யாருக்காவது குடுக்கலாமேன்னு..."

"எதுக்கு? போன வருஷம் என் வகுப்புல ஒரு பிள்ளைகூட பெயிலாகல."

"அது தெரியும் டீச்சர். ஆனா பாருங்க, பிள்ளைங்க உங்களப் பாத்தா பயப்படுதாம்."

"படத்தப் பாத்துட்டுப் பயப்படுதுங்க. என்னப் பாத்து இல்ல."

"அதேதான் நானும் சொன்னேன்" என்றார் தலைமையாசிரியை. சொல்லியிருக்க மாட்டார். "இந்த மாசக் கடைசியில இயக்குநர் பாராட்டு விழாவுக்கு வர்றார். அது நல்லபடியா முடியட்டும். அன்னிக்கே சங்கத் தலைவர்கிட்டப் பேசி முடிவு பண்ணிடலாம்." சங்கத் தலைவர் என்பவர் எதிர்த் தெரு மருந்துக்கடைக்காரர். படத்தை மூன்று தடவை பார்த்தவர்.

"புள்ளி வைக்கறது என் வழக்கம். அதையாவது அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"புள்ளி எல்லாரும் வைக்கறதுதானே டீச்சர்."

அடுத்த வருடம் டீச்சருக்குப் பணி ஓய்வு. கடைசி வருடம். முதல் வருடத்திலிருந்து பத்தாம் வகுப்பை விட்டு அவர் ஒரு வருடம்கூட இறங்கியதில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். கடைசி வருடமும் பத்தாம் வகுப்பில் நின்று, கடைசி நோட்டின் கடைசிப் புள்ளியை அழித்துவிட்டுப் போக வேண்டும். போகிற காலத்தில் அதையும் ஒரு சினிமா வந்து பிடுங்கிக்கொண்டு போகும் என்றால் யாருக்குத்தான் பற்றி எரியாது?

அந்த வாரமே தொலைக்காட்சியில் இயக்குநரின் பேட்டி வந்தது. வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைக்கப் போனார். டீச்சர் கையைத் தட்டிவிட்டார். "நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்கேன்னா ஒரு கட்டுரைத் தாள்தான் காரணம்" என்று இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார். "மழையைப் பத்தி எழுதினேன். பதினாலு வரி. சார் பதினோரு வரிக்குப் புள்ளி வெச்சுட்டு, கடைசி மூணு வரிய மட்டும் விட்டிருந்தார். போற அவசரத்துலயும் எங்க தாள் கட்டத் திருத்தி வெச்சுட்டுப் போயிருக்கார். அந்த மூணு வரியில என்ன ஒருத்தர் பாத்துட்டார். அதுக்கப்புறம் நான் வேற ஆளாயிட்டேன்."

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். மழைக் கட்டுரை. சார் போன பிறகு அவருடைய அலமாரியில் பிரிக்காமலே கிடந்த கட்டு. மறுநாள் காலை மதிப்பெண் போயாக வேண்டும், நீங்கதான் பாத்துக் குடுக்கணும் என்று அந்தத் தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. இலக்கியத்தை எப்படித் திருத்துவது என்று டீச்சருக்குத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். முப்பத்தெட்டுத் தாளையும் மேசையில் பரப்பி, எந்த வரி இரண்டு தாளுக்குமேல் வருகிறதோ அது யாருடைய வரியும் இல்லை என்று முடிவு பண்ணிப் புள்ளி வைத்தார். அவ்வளவுதான் சூத்திரம். தாள்களைப் பியூன் கொண்டுபோய்க் கொடுத்தான். திருத்தியது யார் என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"அது நான்" என்றார் டீச்சர்.

"எது?"

முழுக்கதையும் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் தொடையில் தட்டினார். "அடிப்பாவி, அப்ப அந்தக் கதாநாயகனே நீதானா! போய்ச் சொல்லு. மூஞ்சிக்கு நேரா சொல்லு. அவன் வாயால ஒரு வார்த்தை சொன்னா மருந்துக்கடைக்காரன் மாத்திரைய முழுங்கின மாதிரி அடங்கிடுவான். பத்தாம் வகுப்பு உன் கைல."

பேச்சுக்கு டீச்சர் வேண்டாம் என்றார். ஆனால் விழா வரைக்கும் வேறு நினைப்பே இல்லை. குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, நோட்டுத் திருத்தும்போதுகூட வாய்க்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விழா நாளில் வேதியியல் ஆய்வுக்கூடத்தைத்தான் விருந்தினர் அறையாக்கியிருந்தார்கள். கழுவுதொட்டிகளை அட்டை போட்டு மூடி, அதன்மேல் பூங்கொத்துகளை வைத்திருந்தார்கள். என்ன மூடினாலும் அமில வாடை போகவில்லை. இயக்குநரும் கணக்கு டீச்சரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்தால் பெருந்தன்மையாக இருக்கும் என்று தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை. அதற்காகவே டீச்சரை உள்ளே அனுப்பினார். புகைப்படக்காரர் எங்கோ போயிருந்தார்.

கால் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இயக்குநர் பதறி எழுந்தார். உச்சந்தலையில் முடி கொட்டியிருந்தது. "டீச்சர்! அப்படியே இருக்கீங்க."

"படத்துல இன்னும் கொஞ்சம் மோசமா இருந்தேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது நீங்க இல்ல டீச்சர். அதாவது... அந்த டப்பா மட்டும் உங்களுது. கதையில எதிர்ல நிக்க ஒரு ஆள் வேணும்ல?"

"புகார் யார் எழுதினாங்க?"

"யாரும் எழுதல. அவராத்தான் போனார். எனக்கே தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அவராப் போனார்னு எடுத்தா படம் ஓடுமா, சொல்லுங்க."

இப்படி ஒளிக்காமல் சொன்னதில் டீச்சருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். "மழைக் கட்டுரைக்குப் புள்ளி வெச்சது உங்க சார் இல்ல. நான்."

இயக்குநர் சிரித்தார். பெரியவர்கள் மனசு நோகக் கூடாதென்று சிரிக்கிற சிரிப்பு.

"உங்க ரெண்டாவது வரி, 'மழை வானத்தின் கண்ணீர்'" என்றார் டீச்சர். "முப்பத்தேழு பேர் அப்படியே எழுதியிருந்தீங்க. ஒரே ஒருத்தன் 'வானத்தின் வியர்வை'ன்னு எழுதியிருந்தான். அவனுக்கு மட்டும் அந்த வரிக்கு நான் புள்ளி வைக்கல."

சிரிப்பு நின்றது. "அவன் என் பக்கத்து பெஞ்சு" என்றார் இயக்குநர் மெதுவாக. பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த பழுப்புத் தாள் ஒன்றை எடுத்தார். எங்கே போனாலும் அது கூடவே வருமாம். அதைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. "நீங்களா? இத்தன வருஷமா நீங்களா டீச்சர்?"

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். "புள்ளி வெச்சது இவங்கதான். மேடையில நான் சொல்லப் போறேன்" என்றார். தலைமையாசிரியைக்கு வாய் அடைத்துப் போனது. பிறகு அதே வாயால், "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். பத்தாம் வகுப்புச் சங்கதியையும் அவரே இழுத்தார். "இவங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்க?" என்று இயக்குநர் கேட்டதும், சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிட்டத்தட்ட ஓடினார். முப்பத்துமூன்று வருடத்தில் டீச்சருக்காக யாரும் இப்படி ஓடியதில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இயக்குநர் தாளை அவர் கையில் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர். இருபத்திரண்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன், அந்த சார் எங்க இருக்கார்னே தெரியல. அந்தக் கடைசி மூணு வரியில அப்படி என்ன பாத்தீங்க?"

டீச்சர் தாளைப் பார்த்தார். பதினோரு புள்ளி, ஒரே சீராக, அவருடைய கைதான். அதற்குக் கீழே மூன்று வரி, பக்கத்தில் ஒன்றும் இல்லாமல். 'எங்கள் வீட்டில் மழை நின்ற பிறகும் உள்ளே பெய்யும். அம்மாவிடம் ஏழு பாத்திரம் இருக்கிறது. எட்டாவது சொட்டு விழும் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன்.'

அந்த வரிகளை டீச்சர் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார்.

எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கட்டிலேயே கடைசித் தாள் அது. சாயங்காலம் ஆறு மணி ஆகப்போகிற நேரம். ஆசிரியர் அறையில் அவர் ஒருத்திதான். பதினோராவது வரிக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. மீதியைப் பார்க்கவில்லை. ஒரு மதிப்பெண்ணைப் போட்டு, கட்டைச் சுருட்டிப் பியூன் மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.

என்ன சொல்வது? ஏதாவது சொல்லலாம். அந்த எட்டாவது சொட்டு அப்பவே என் மனசைத் தொட்டதுப்பா என்று சொன்னால் யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்? எதிரில் நிற்கிற மனிதருக்கு வயது முப்பத்தெட்டு ஆகியும் முகம் பதினாறு வயசுப் பிள்ளை மாதிரி காத்துக்கொண்டிருந்தது. வெளியே தலைமையாசிரியை மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம். டீச்சர் வாயைத் திறந்தார். தப்பான வரியை விட்டுவிட்டுப் பழக்கமில்லாத வாய் அது.

"அதுக்குள்ள பஸ் வந்துடுச்சுப்பா" என்றார்.

இயக்குநருக்குப் புரியவில்லை. "எந்த பஸ்?"

"ஆறு மணி பஸ். உன் தாள்தான் கடைசி. பதினோரு வரி வரைக்கும்தான் பாத்தேன். அதுக்குக் கீழ படிக்கல."

முதலில் அவர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "அப்ப நீங்க படிக்கவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப யாருமே படிக்கல."

"இப்பப் படிச்சேன்" என்றார் டீச்சர் அவசரமாக. எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "நல்லா இருக்குப்பா. எனக்குக் கவிதையெல்லாம் தெரியாது, ஆனா இது வேற யாரும் எழுத முடியாது. உன்னோடதேதான்."

அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சருக்குப் பரிதாபமும் எரிச்சலும் சேர்ந்து வந்தது, எரிச்சல் முந்திக்கொண்டது. "யாரும் படிக்கலைன்னா என்ன இப்ப? யாரும் பாக்காமலே நீதான எழுதின? படத்துல ரெண்டரை மணி நேரம் அதத்தான சொல்ற?"

இயக்குநர் டீச்சர் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கினார். உறைக்குள் வைத்தார். பைக்குள் வைத்தார். "நேரமாச்சு டீச்சர்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கதவு வரைக்கும் கூட வந்து வழிவிட்டார்.

மேடையில் நாற்பது நிமிடம் பேசினார். டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை மேடையிலிருந்தே அவரைப் பார்த்து, இதோ வருகிறது, இதோ வருகிறது என்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கட்டுரைத் தாளின் கதை வந்தது. "அந்த மூணு வரிக்கு முன்னாடி என் சார் நின்னார்" என்றார் இயக்குநர். "ஒரு நிமிஷம் பேனாவக் கீழ வெச்சுட்டு நின்னார். எனக்குத் தெரியும். கூட இருந்து பாத்த மாதிரி எனக்குத் தெரியும்." சிவப்புத் துணி கட்டிய கைகள் எல்லாம் மேலே எழுந்து தட்டின. மூன்றாவது வரிசைப் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

டீச்சரும் கைதட்டினார். தட்டாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கேட்டார். "அவர்கிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க டீச்சர்? மேடைக்கு வரும்போது ஆளே ஒரு மாதிரி இருந்தார். புள்ளி விஷயம் கேட்டேன், ஏதோ ஞாபகப் பிசகுன்னு சொல்லிட்டார்."

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"நான் வேற சங்கத் தலைவர்கிட்ட அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். இப்ப அவர், டீச்சர் பேருக்காகப் பொய் சொன்னாங்களான்னு கேக்கறார்." தலைமையாசிரியை மேசைமேல் இருந்த அடுத்த வருட நேர அட்டவணையை நகர்த்தி வைத்தார். ஆறாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு. அதோடு நூலகப் பொறுப்பு. "கடைசி வருஷம், கொஞ்சம் ஓய்வா இருக்கட்டுமேன்னுதான்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன குறைஞ்சுபோவ?"

"படிக்காததை நல்லா இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"அதான் அப்புறம் படிச்சீல்ல?"

"இப்பப் படிச்சத அப்பப் படிச்சேன்னு சொல்லணுமா?"

வீட்டுக்காரர் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். டீச்சர் குடிக்கவில்லை. படம் எடுத்தவன்மேல் ஆத்திரம், அவன் சார்மேல் ஆத்திரம், மருந்துக்கடைக்காரர்மேல் ஆத்திரம். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து ஒவ்வொன்றும் ஆறிப்போனது. ஒன்றுதான் ஆறவில்லை. பதினாறு வயதில் ஒரு பிள்ளை, வீட்டில் பாத்திரம் போதாததையும் தான் போய் நடுவில் உட்கார்ந்துகொள்வதையும் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறான். மூன்றே மூன்று வரி. படிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆறு மணி பஸ்ஸை விட்டிருந்தால் அடுத்தது இருபது நிமிடத்தில் வந்திருக்கும்.